ஈரலில் ஒரு வருத்தம், ஊர்வாயில் இன்னொரு வருத்தம்

எங்கள் பேச்சுவழக்கில் நோய்க்கும் "வருத்தம்" என்றுதான் பெயர். மனத்துயருக்கும் அதே சொல்தான். சில நோய்கள் இந்த இரண்டு வருத்தங்களையும் ஒன்றாகவே கொண்டு வருகின்றன. காசநோய், தொழுநோய், எச்.ஐ.வி. என்பன அத்தகையவை என்பதை நாம் அறிவோம். எங்கள் பகுதியில் அதிகம் பேசப்படாத இன்னொரு நோயும் அந்த வரிசையில் உண்டு. அதுதான் சி வகை ஈரல் அழற்சி. வைத்தியர்கள் இதனை ஹெபடைட்டிஸ் சி என்பார்கள்.

இலங்கை இந்நோய் மிகக் குறைவாகக் காணப்படும் நாடு. ஆகவே இக்கட்டுரையை வாசிக்கும் சகோதரிகள் எவரும் பயப்பட வேண்டியதில்லை. அப்படியானால் இதைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று கேட்கலாம். சலரோகமோ பிரஷரோ உள்ள ஒரு பெண் கிளினிக் வாங்கிலில் இருந்தபடி பக்கத்தில் இருப்பவரோடு தன் குளிசையைப் பற்றிக் கதைக்கிறாள். அது எல்லோருக்கும் உள்ள வருத்தம். ஆனால் நூறு வீடுகளில் ஒரு வீட்டுக்குக்கூட வராத ஒரு வருத்தம் வந்தால், அந்தப் பெண் அதை யாரிடம் சொல்வாள்? அவளுக்குத் துணையாக இன்னொரு நோயாளி ஊரில் இல்லை. விளக்கம் சொல்லவும் ஆள் இல்லை. அந்த வெற்றிடத்தை ஊர்வாய் நிரப்பி விடுகின்றது.

செங்கமாரி எல்லாம் ஒன்றல்ல

நெளுக்குளத்திலும் அதனைச் சூழ்ந்த கிராமங்களிலும் "ஈரல் வருத்தம்" என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது செங்கமாரிதான். 2009 இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களில் இருந்தவர்கள் அதை மறந்திருக்க மாட்டார்கள். கண் மஞ்சளாகி, சாப்பாட்டைக் கண்டாலே ஓங்காளம் எடுத்து, பிள்ளைகளும் பெரியவர்களும் சுருண்டு படுத்த காலம் அது. அங்கே பரவியது ஏ வகை ஈரல் அழற்சி. அசுத்தமான தண்ணீராலும் உணவாலும் வருவது. சில வாரங்களில் அல்லது மாதங்களில் தானாகவே மாறிவிடும். அந்தக் காலத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள், பாத்திரங்களைக் கழுவி வையுங்கள் என்று சொன்னது முற்றிலும் சரியான அறிவுரை.

அந்த அனுபவமே இன்று வேறு ஒரு நோய்க்கும் பிழையாகப் பொருத்தப்படுகின்றது. ஏ, பி, சி என்று பெயரிடப்பட்டிருப்பவை ஒரே நோயின் மூன்று கட்டங்கள் அல்ல. மூன்று வெவ்வேறு வைரசுகள். ஏ வகை வாயால் வருவது. பி வகை இரத்தத்தாலும், உடலுறவாலும், பிரசவத்தின்போது தாயிடமிருந்து பிள்ளைக்கும் வருவது. அதற்குத் தடுப்பூசி உண்டு. எங்கள் பிள்ளைகளுக்கு 2, 4, 6 மாதங்களில் போடப்படும் ஐங்கூட்டுத் தடுப்பூசியில் அதுவும் அடங்கியுள்ளது. சி வகை பிரதானமாக இரத்தம் இரத்தத்தோடு கலப்பதால் மட்டுமே வருவது. அதற்குத் தடுப்பூசி இல்லை. ஆனால் குணமாக்கும் மருந்து உண்டு.

சி வகை வைரசு உடலில் புகுந்த எல்லோருக்கும் நோய் நிலைப்பதில்லை. பத்துப் பேரில் ஏறத்தாழ மூன்று பேரின் உடல் ஆறு மாதங்களுக்குள் அதைத் தானாகவே வெளியேற்றி விடுகின்றது. மற்றவர்களின் உடலில் அது சத்தமில்லாமல் தங்கிவிடும். பெரும்பாலும் கண் மஞ்சளாவதில்லை, காய்ச்சல் வருவதில்லை. களைப்பு மட்டும் இருக்கும். இருபது ஆண்டுகளில் அவர்களில் நூற்றுக்கு 15 முதல் 30 வரையானோருக்கு ஈரல் இறுகிச் சுருங்கிப் போகலாம். சிலருக்குப் புற்றுநோயாகலாம்.

இழுக்கு எங்கிருந்து வருகின்றது?

1963 இல் எர்விங் கொஃப்மன் என்ற சமூகவியலாளர் சமூக இழுக்கைப் பற்றி ஒரு நூல் எழுதினார். பழைய கிரேக்க நாட்டில் அடிமைகளுக்கும் குற்றவாளிகளுக்கும் உடலில் சுட்டும் வெட்டியும் அடையாளம் இடுவார்கள். அந்த அடையாளத்தின் பெயரையே அவர் இழுக்கு என்பதற்குப் பயன்படுத்தினார். வெளியே தெரியும் இழுக்கு, மறைத்து வைக்கக்கூடிய இழுக்கு என்று அவர் இரண்டாகப் பிரித்தார். முதலாவது வகையினர் மற்றவர்களின் பார்வையைத் தாங்க வேண்டும். இரண்டாவது வகையினர் எந்நேரமும் கணக்குப் பார்த்து வாழ வேண்டும். யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது, யாரிடம் என்ன சொன்னோம் என்ற கணக்கு அது. சி வகை ஈரல் அழற்சி இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

எங்கள் கிராமங்களில் இந்த நோயைச் சுற்றி மூன்று சந்தேகங்கள் எழுகின்றன.

முதலாவது, குடி. ஈரல் பழுதாவது குடிகாரருக்குத்தான் என்பது பொது நம்பிக்கை. மதுவால் ஈரல் கெடுவது உண்மைதான். ஆனால் ஒரு துளி மதுவும் தொடாத பெண்ணின் ஈரலையும் இந்த வைரசு கெடுக்கும்.

இரண்டாவது, நடத்தை. "இரத்தத்தால வாறதாம்" என்றதும் எச்.ஐ.வி. நினைவுக்கு வருகின்றது. அதிலிருந்து அந்தப் பெண்ணின் நடத்தைக்குப் பேச்சு தாவுகின்றது. உண்மையில் உடலுறவால் சி வகை பரவுவது மிக அரிது. பல ஆண்டுகள் ஒன்றாக வாழ்ந்த கணவன் மனைவியரிடையேயும் ஒருவருக்கு இருந்து மற்றவருக்கு வராமல் இருப்பதே வழமை.

மூன்றாவது, தொற்று. "அங்க போனால் தண்ணி வென்னி வாங்கிக் குடிக்காதேங்கோ அக்கா" என்ற எச்சரிக்கை. தனிக் கோப்பை, தனித் தட்டு, பிள்ளையைத் தூக்க விடாமை என்று இது நீளும். துடக்குக் காத்துப் பழகிய எங்கள் வீடுகளில், ஒருவரைப் பிரித்து வைப்பதற்குப் புதிதாக ஒன்றும் கற்க வேண்டியதில்லை.

இந்த மூன்றுக்கும் அடியில் ஒரே கேள்வி இருக்கின்றது. "இது உனக்கு எப்படி வந்தது?" என்பதே அது. வைத்தியர் கேட்டால் அது சிகிச்சைக்கான கேள்வி. மாமியார் கேட்டாலோ அது விசாரணை. ஆண்களுக்கு இந்தக் கேள்வி இவ்வளவு கூர்மையாக வருவதில்லை. பெண்ணின் உடலில் வந்த நோய்க்கு மட்டும் அவளுடைய ஒழுக்கத்தில் காரணம் தேடப்படுகின்றது.

இந்தக் கேள்வி எவ்வளவு அநியாயமானது என்பதற்கு உலகம் நன்கறிந்த ஒரு சம்பவம் சான்றாக இருக்கின்றது. அது நடந்தது அயர்லாந்தில்.

பிள்ளை பெற்றதற்காகக் கிடைத்த நோய்

கர்ப்பிணித் தாய்மாருக்குக் கிளினிக்கில் இரத்த வகை பார்ப்பது எமக்குத் தெரியும். தாயின் இரத்தம் நெகற்றிவ் ஆகவும் பிள்ளையின் இரத்தம் பொசிற்றிவ் ஆகவும் இருந்தால், பிரசவம் முடிந்து 72 மணித்தியாலங்களுக்குள் தாய்க்கு அன்ரி-டி என்ற ஊசி போடுவார்கள். அடுத்த பிள்ளையைக் காப்பாற்றுவதற்கான ஊசி அது. மனித இரத்தத்தின் பிளாஸ்மாவிலிருந்து அது தயாரிக்கப்படுகின்றது.

1977 முதல் அயர்லாந்தில் அந்த ஊசிமருந்தைத் தயாரித்த அரச இரத்த மாற்றுச் சபை, சிகிச்சை பெற்று வந்த ஒரு பெண்ணின் பிளாஸ்மாவை அதற்குப் பயன்படுத்தியது. அந்தப் பெண்ணுக்கு 1976 நவம்பரில் செங்கமாரி கண்டிருந்தது. தொற்றால் வந்த ஈரல் அழற்சி என்று வைத்தியர்கள் கண்டறிந்திருந்தார்கள். அவரது இரத்தம் இவ்வாறு பயன்படுவது அவருக்கே சொல்லப்படவில்லை. அவ்வாறு தயாரான ஊசியால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மாரின் உடலில் சி வகை வைரசு புகுந்தது.

அப்போது அந்த வைரசுக்குப் பெயரே இருக்கவில்லை. ஏயும் இல்லாத பியும் இல்லாத ஈரல் அழற்சி என்றே அழைத்தார்கள். வைரசு 1989 இல்தான் அடையாளம் காணப்பட்டது. அதைக் கண்டறிந்த பணிக்காக ஹார்வி ஓல்ற்றர், மைக்கல் ஹூட்டன், சார்ள்ஸ் றைஸ் ஆகிய மூவருக்கும் 2020 இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இடைப்பட்ட காலத்தில் அந்த அயர்லாந்துத் தாய்மார் களைத்துப் போனார்கள். மூட்டு நோவு, வேலை செய்ய இயலாமை, பிள்ளைகளைப் பார்க்கப் பலமின்மை என்று வைத்தியர்களிடம் போனார்கள். பலருக்கும் மனச்சோர்வு என்றும், பிள்ளை பெற்ற உடம்பு என்றும் சொல்லப்பட்டது. அன்ரி-டி மருந்தில் பிழை இருந்ததற்கான தகவல் 1991 டிசம்பரிலேயே இலண்டன் வைத்தியசாலை ஒன்றிலிருந்து இரத்தச் சபைக்குக் கிடைத்திருந்தது. ஆனால் பெண்களுக்குச் சொல்லப்படவில்லை. கோர்க் நகரில் பணியாற்றிய ஜோன் பவர் என்ற பெண் வைத்தியர், இரத்ததானம் செய்ய வந்த நெகற்றிவ் வகைப் பெண்களில் இந்த வைரசு காணப்படுவதைக் கவனித்தார். அதன் பின்னரே, 1994 பெப்ரவரியில், உண்மை வெளியே வந்தது. முதல் ஊசியிலிருந்து 17 ஆண்டுகள் கழிந்திருந்தன.

பெயரை மறைக்கக் கேட்ட தாய்

டொனகோல் என்ற கிராமப்புற மாவட்டத்தில் வாழ்ந்தவர் பிரிஜிட் மக்கோல். பன்னிரண்டு பிள்ளைகளின் தாய். 1977 நவம்பரில் அவருக்கு அந்த ஊசி போடப்பட்டது. ஈரல் முற்றாகப் பழுதடைந்த நிலையில் அவர் இரத்தச் சபைக்கும் அரசுக்கும் எதிராக வழக்குத் தொடர்ந்தார்.

அவர் நீதிமன்றத்திடம் முதலில் கேட்டவற்றுள் ஒன்று, தன் உண்மைப் பெயரில்லாமல் வேறொரு பெயரில் வழக்கை நடத்த அனுமதி. குற்றம் செய்தது வேறொருவர். பாதிக்கப்பட்டவர் அவர். இருந்தும் பெயரை மறைக்க வேண்டியவராக அவரே இருந்தார். அந்த நோய்க்கு இருந்த இழுக்கு அத்தகையது. நீதி பகிரங்கமாகவே நடக்க வேண்டும் என்று கூறி 1996 இல் மேல் நீதிமன்றம் அதை மறுத்தது. மக்கோல் பின்வாங்கவில்லை. தன் சொந்தப் பெயரிலேயே வழக்கைக் கொண்டு போனார்.

1996 செப்ரெம்பரில் இரத்தச் சபை தன் பொறுப்பை ஏற்றது. அதே வேளை, மேலதிக நட்டஈடு கேட்டு வழக்கைத் தொடர்ந்து அதில் தோற்றால் வழக்குச் செலவை அவரிடமே அறவிடுவோம் என்றும் எச்சரித்தது. வைத்தியசாலைக் கட்டிலில் இருந்த அவர் 1,75,000 பவுணுக்கு இணங்கினார். ஒக்டோபர் 2 ஆம் திகதி, 54 வயதில், காலமானார்.

அவரது மரணம் நாட்டையே உலுக்கியது. முன்னாள் பிரதம நீதியரசர் தோமஸ் பின்லே தலைமையில் விசாரணை மன்றம் அமைக்கப்பட்டது. 1997 மார்ச்சில் வெளியான அதன் அறிக்கை, நோயுற்ற ஒருவரின் இரத்தத்தை ஒருபோதும் பயன்படுத்தியிருக்கக் கூடாது என்று தெளிவாகக் கூறியது. பாதிக்கப்பட்ட தாய்மார் 1994 இலேயே 'பொசிற்றிவ் அக்ஷன்' என்ற சங்கத்தை அமைத்திருந்தார்கள். நட்டஈடு, இலவச சிகிச்சை என்பவற்றை அவர்கள் கூட்டாக நின்றே பெற்றார்கள். தனித்தனியே வீட்டுக்குள் இருந்தபோது மனநோயாளிகள் என்று சொல்லப்பட்டவர்கள், ஒரு மண்டபத்தில் ஒன்றுகூடியபோது, தங்கள் எல்லோருக்கும் ஒரே களைப்பு, ஒரே நோவு, ஒரே ஊசி என்பதைக் கண்டுகொண்டார்கள்.

இன்று போடப்படும் அன்ரி-டி ஊசிக்குப் பயப்பட வேண்டியதில்லை என்பதை இங்கே கட்டாயம் சொல்ல வேண்டும். இரத்தம் தருபவர்கள் சோதிக்கப்படுகிறார்கள். மருந்தில் வைரசை அழிக்கும் முறைகளும் கையாளப்படுகின்றன. நெகற்றிவ் இரத்த வகைத் தாய்மார் அந்த ஊசியைத் தவற விடவே கூடாது.

வேறு நாடுகளிலும் இதே கதை

இதேபோன்ற பிழை 1978, 1979 ஆம் ஆண்டுகளில் அன்றைய கிழக்கு ஜேர்மனியிலும் நடந்தது. பல ஆயிரம் தாய்மாருக்கு அதே வகை ஊசியால் நோய் வந்தது. அந்த அரசு அதை வெளியே தெரியாமல் மூடி வைத்தது. அவர்களுக்கான உதவிச் சட்டம் 2000 ஆம் ஆண்டில்தான், ஒன்றிணைந்த ஜேர்மனியில் வந்தது.

எகிப்தில் நடந்தது இன்னும் பெரிது. நைல் நதிக் கரையோர விவசாயிகளைத் தாக்கிய ஒரு புழு நோய்க்காக 1950 கள் முதல் 1980 கள் வரை அரசே ஊர் ஊராக ஊசி போட்டது. கண்ணாடி ஊசிகள் சரியாக அவிக்கப்படாமல் ஒருவரிலிருந்து மற்றவருக்குப் போயின. உலகிலேயே சி வகை அதிகமாகக் காணப்பட்ட நாடாக எகிப்து ஆனது. ஆனால் அதே எகிப்து 2018, 2019 இல் ஏறத்தாழ 5 கோடி மக்களின் இரத்தத்தைச் சோதித்து, நோய் இருந்தவர்களுக்கு இலவசமாக மருந்து கொடுத்தது. 2023 இல் உலக சுகாதார நிறுவனம் அந்த முயற்சியைச் சிறப்பாகப் பாராட்டியது. நாடு முழுவதும் சோதனைக்கு வரிசையில் நின்றபோது, வரிசையில் நிற்க ஒருவரும் வெட்கப்பட வேண்டியிருக்கவில்லை.

நோய் வந்தவர்கள் பிள்ளை பெற்ற தாய்மாராகவும் வயலில் நின்ற விவசாயிகளாகவும் இருந்தார்கள். அவர்கள் செய்த "பிழை", சுகமாக இருக்க வேண்டும் என்று கையை நீட்டி ஊசி போட்டுக்கொண்டதுதான்.

எங்கள் பெண்களிடம் ஏற்கனவே உள்ள சுமை

வன்னிப் பெண்ணுக்கு இழுக்கு என்பது புதிய அனுபவம் அல்ல. கணவனை இழந்தவளைப் பார்த்து, நல்ல காரியத்துக்கு முன்னுக்கு வராதே என்கிறது ஊர். காணாமல் போனவனுக்காகப் பொட்டு வைத்துக் காத்திருப்பவளைப் பார்த்து, ஏன் வைத்தாய் என்கிறது. புனர்வாழ்வு பெற்று வந்தவளின் வீட்டுக்குப் போக அயல் தயங்குகின்றது. தனியே பிள்ளைகளோடு இருப்பவள் இரவில் விளக்கு எரிந்தாலும் கேள்வி, எரியாவிட்டாலும் கேள்வி. இவளுக்கு ஒரு இரத்த நோயும் சேர்ந்து வந்தால், பழைய அடையாளங்கள் எல்லாம் ஒன்றாகத் திரண்டு அவள் மேல் விழும்.

காயம்பட்டு இரத்தம் ஏற்றப்பட்டவர்களும், சத்திரசிகிச்சை செய்யப்பட்டவர்களும் எங்களிடையே பலர். அவர்கள் எல்லோருக்கும் இந்நோய் இருக்கும் என்று எண்ணுவது தவறு. சந்தேகம் இருந்தால் வைத்தியரிடம் சொல்லி ஒரு இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம். அதற்கு மேல் மனத்தைப் போட்டு உழப்ப வேண்டியதில்லை.

இழுக்கு வெறும் மனக்கஷ்டம் மாத்திரமல்ல. அது அடுப்பையும் அணைக்கும். இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்தும், மிக்சர் பொரித்துப் பொதி செய்தும் பிள்ளைகளைப் படிப்பிக்கும் பெண்கள் எமது கிராமங்களில் எத்தனையோ பேர். "அவவின்ர கையால வாங்காதேங்கோ" என்ற ஒரு வசனம் போதும், அந்தக் குடும்பத்தின் வருமானம் நின்றுவிடும். ஆனால் சமையலால் சி வகை பரவாது. கையில் வெட்டுக்காயம் இருந்தால் பிளாஸ்ரர் ஒட்டிக்கொண்டு சமைக்க வேண்டும் என்பது எல்லாச் சமையற்காரருக்கும் பொதுவான விதி.

எங்கள் பெண்கள் இந்நோயின் பெயரைக் கேள்விப்பட அதிக வாய்ப்புள்ள இடம் வேறொன்று. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போவதற்கான மெடிக்கலில் சி வகைக்கான சோதனையும் உண்டு. அதில் "அன்ஃபிட்" என்று வந்தால் விளக்கம் சொல்ல ஆளில்லாமல் வீடு திரும்ப வேண்டியிருக்கும். வட்டிக்கு வாங்கிய காசும் போய், ஊருக்கும் பதில் சொல்ல வேண்டும். இந்த இடத்தில் ஒரு விடயத்தை நன்றாக விளங்கிக்கொள்ள வேண்டும். வழமையான முதற் சோதனை, வைரசு இப்போது இருக்கின்றதா என்று பார்ப்பதில்லை. வைரசு எப்போதாவது உடலில் புகுந்ததற்கான பிறபொருளெதிரியைத்தான் பார்க்கின்றது. தானாகவே குணமானவருக்கும், மருந்தால் குணமானவருக்கும் அந்தச் சோதனை "பொசிற்றிவ்" என்றே காட்டும். வைரசு இப்போது இருக்கின்றதா என்பதை இரண்டாவது சோதனைதான் சொல்லும். ஆகவே முதற் சோதனையோடு ஒருவரை நோயாளி என்று முடிவு கட்டக்கூடாது. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அரச வைத்தியசாலைக்குப் போங்கள்.

மறைப்பதால் இழப்பது எதை?

முன்னர் இந்நோய்க்கு ஏறத்தாழ ஒரு வருடம் ஊசி போட வேண்டியிருந்தது. பக்க விளைவுகள் கடுமை. பாதிப் பேருக்கே குணம் கிடைத்தது. 2013 இன் இறுதியில் நிலைமை மாறியது. சோஃபொஸ்புவிர் என்ற குளிசையும் அதனோடு சேர்த்துக் கொடுக்கும் மருந்துகளும் வந்தன. இப்போது பெரும்பாலானோருக்கு 12 வாரங்கள் குளிசை எடுத்தால் போதும். நூற்றுக்கு 95 இற்கு மேற்பட்டோர் முற்றாகக் குணமடைகிறார்கள். நாட்பட்ட வைரசு நோயொன்று இவ்வாறு முற்றாகக் குணமாவது மருத்துவத்தில் அபூர்வம்.

ஆரம்பத்தில் அமெரிக்காவில் ஒரு சிகிச்சைக்கான விலை 84,000 டொலர். பின்னர் இந்திய மருந்துக் கம்பனிகள் அதைத் தயாரிக்கத் தொடங்கியதும் விலை வீழ்ந்தது. 2023 இல் வறிய நாடுகளுக்கு 60 டொலர் வரை இறங்கியது. இந்தியாவின் பஞ்சாப் மாநிலம் 2016 இல் இலவச சிகிச்சையைத் தொடங்கியது. 2018 ஜூலை 28 இல் இந்திய மத்திய அரசு நாடு முழுவதற்குமான திட்டத்தைத் தொடங்கியது.

இருந்தும் உலகில் இன்னும் ஏறத்தாழ 5 கோடிப் பேர் இந்நோயோடு வாழ்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகின்றது. 2022 இல் மட்டும் 2,42,000 பேர் இதனால் இறந்தார்கள். சோதனை வசதியின்மையும் வறுமையும் இதற்குக் காரணம். வெட்கமும் ஒரு காரணம். தனக்கு நோய் இருப்பதாகத் தெரிந்தும் கிளினிக்குக்குப் போகாமல், கீழ்காய் நெல்லியை அரைத்துக் குடித்து, பத்தியம் காத்து, யாருக்கும் தெரியாமல் மாறட்டும் என்று இருந்துவிடும் பெண், மூன்று மாதத்தில் முடியக்கூடிய ஒன்றை இருபது ஆண்டுகள் சுமக்கிறாள். பத்தியம் இந்த வைரசை அழிக்காது. ஈரல் இறுகிய பின்னர் மருந்து வைரசை அழித்தாலும், போன ஈரல் முழுதாகத் திரும்பாது.

வீட்டில் எதைப் பிரிக்க வேண்டும்?

பிரிக்க வேண்டியவை மிகச் சில. சவர அலகு, பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி, ஊசி ஆகியவற்றை இன்னொருவருடன் பகிரக்கூடாது. காயத்தை மூடி வைக்க வேண்டும். இரத்தம் சிந்தினால் கையுறை அல்லது சொப்பிங் பை கையில் மாட்டி, குளோரின் கலந்த நீரால் துடைக்க வேண்டும். மாதவிடாய்த் துணிகளையும் கவனமாக அகற்ற வேண்டும். காது குத்துவதானாலும் பச்சை குத்துவதானாலும் புதிய ஊசியைக் கேட்டுப் பெற வேண்டும். இது நோய் உள்ளவருக்கு மட்டுமல்ல, நம் எல்லோருக்கும் பொருந்தும்.

பிரிக்கக் கூடாதவை ஏராளம். தட்டு, கோப்பை, பாய், கிணறு, மலசலகூடம், சமையல், ஒன்றாக இருந்து சாப்பிடுதல், பிள்ளையைக் கொஞ்சுதல், கட்டியணைத்தல் என்பவற்றால் இந்நோய் வராது. இருமலாலும் தும்மலாலும் வராது. முலைக்காம்பு வெடித்து இரத்தம் வராதவரை தாய்ப்பால் கொடுக்கலாம். கர்ப்பிணித் தாயிடமிருந்து பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்து, ஆறு அளவே. பிள்ளை பெற எண்ணுபவர் முதலில் வைத்தியரைக் கண்டு, சிகிச்சையை முடித்துக்கொள்வது நல்லது. இது பரம்பரை நோயும் அல்ல. தாய்க்கு இருந்தது என்பதற்காக மகளின் கலியாணப் பேச்சு குழம்ப வேண்டிய அவசியமே இல்லை.

யாரிடம் சொல்வது?

எல்லோரிடமும் சொல்ல வேண்டிய கடமை எந்தப் பெண்ணுக்கும் இல்லை. சிகிச்சை தரும் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். கணவனிடம் சொல்லி, அவரையும் பரிசோதிக்கச் செய்வது நல்லது. தனியே சொல்லப் பயமாக இருந்தால், கிளினிக்கில் வைத்தியர் அல்லது தாதி முன்னிலையில் சொல்லலாம். "வைத்தியர் சொன்னவர், மருந்தெடுத்தால் மாறுமாம்" என்று தொடங்கினால் பேச்சு இலகுவாகும். அதற்கு மேல், உங்களை நேசிக்கும் ஒருவரைத் தேர்ந்து சொல்லுங்கள். அம்மாவோ, அக்காவோ, சிநேகிதியோ யாராவது ஒருவர். மூன்று மாதங்கள் நாளும் தவறாமல் குளிசை எடுக்க ஒரு துணை வேண்டும்.

மற்றவர்கள் "எப்படி வந்தது?" என்று கேட்டால், "இரத்தத்தால வந்தது, மருந்தெடுக்கிறன்" என்ற பதில் போதுமானது. அதற்கு அப்பால் விளக்கம் சொல்லக் கடமைப்பட்டவர் நீங்கள் அல்லர்.

சுகாதாரப் பணியில் உள்ளவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நோயாளியின் கட்டிலிலும் கோப்பிலும் பிறர் வாசிக்கும்படி நோயின் பெயரை எழுதுவதும், வார்டில் உரத்துச் சொல்வதும் ஊர்வாய்க்குக் கொடுக்கும் முதல் செய்தி. எல்லா நோயாளிகளுக்கும் ஒரே விதமான கையுறையும் ஒரே விதமான கவனமும் இருந்தால், ஒருவரை மட்டும் அடையாளம் இட வேண்டிய தேவை இராது.

கிராமங்களிலுள்ள மாதர் சங்கங்கள் இதில் செய்யக்கூடியது நிறைய. மாதாந்தக் கூட்டத்தில் ஒரு தடவை குடும்பநல உத்தியோகத்தரை அழைத்து, ஏ, பி, சி மூன்றின் வித்தியாசத்தை விளக்கச் சொல்லலாம். ஜூலை 28 உலக ஈரல் அழற்சி தினம். பி வகை வைரசைக் கண்டறிந்த பரூக் புளும்பர்க் பிறந்த நாள் அது. அந்த நாளையொட்டிச் செய்யலாம். ஊரில் யாருக்கு இருக்கின்றது என்று தேடுவதற்காக அல்ல. நாளைக்கு ஒருத்திக்கு அந்தத் தாள் கையில் கிடைத்தால், அவள் பயமில்லாமல் வந்து கதவைத் தட்டக்கூடிய வீடுகள் நாலு ஊரில் இருக்க வேண்டும் என்பதற்காக.

பிரிஜிட் மக்கோலுக்கு அந்தக் குளிசை கிடைக்கவில்லை. அவர் இறந்து 17 ஆண்டுகளின் பின்னரே அது வந்தது. இன்று மருந்து இருக்கின்றது. அதை எடுக்கப் போகும் பெண்ணை வழிமறித்து விசாரிக்காமல் விடுவது நம் கையில் உள்ளது. அவளோடு பஸ் ஏறி வைத்தியசாலை வரை போய் வர உங்களில் ஒருவர் முன்வந்தால் இன்னும் நல்லது.